கிளம்பும் தேதி

அப்பாவும் அம்மாவும் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் அதிகம் ஆசைப்பட்டது நான்தான். அவர்களுக்கே அவ்வளவு ஆசை இருந்ததா என்று சொல்ல முடியாது. அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இல்லை. அவர்கள் போனால் இருபது நாள் இந்த வீட்டில் நான் தனியாக இருப்பேன். அதற்காகத்தான்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் புள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். நான் பதினொன்றாவது படிக்கும்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ரம்யா அக்கா அப்போதுதான் நர்சிங் முடித்து வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாடு இருந்தது, ஆடு இருந்தது, அப்பாவுக்கு வேளைக்குச் சோறு வேண்டியிருந்தது. ஒரு மாதம்தான் என்று சொல்லி ஜமுனாமரத்தூர் ஹாஸ்டலிலிருந்து என்னைக் கூட்டிவந்தார்கள். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. விடிந்தால் "தேவி" என்று ஒரு குரல். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு குரல். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கூப்பிட வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம் ரம்யா அக்கா போன் செய்தாள். அவள் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊரில், வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை செய்கிறாள். போய் மூன்று வருடம் ஆகிறது. ஒருமுறைகூட வரவில்லை. பேசும்போது பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டே பேசுவாள். வேலை முடிந்து சீருடையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள்.

"தேவி, ஆகஸ்ட் கடைசியில இங்க ஒரு திருவிழாடி. ஹைலேண்ட் கேம்ஸ்னு சொல்லுவாங்க. மலைநாட்டு விளையாட்டு. பை வெச்சி ஊதுற வாத்தியம், டான்சு, கல்லு எறியறது, மரம் தூக்கறது எல்லாம் இருக்கும். அப்பாவையும் அம்மாவையும் அனுப்பி வையி. நான் லீவு சொல்லிட்டேன். நான் பாத்துக்கிற பாட்டியோட பேரன் அந்த பேண்டுல ஊதுறான். முன்னாடி சீட்டு புடிச்சித் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

"நீ வரக்கூடாதாக்கா?"

"நான் வந்தா உறவுக்காரங்க எல்லாரையும் பாக்கணும், ஊரு ஊரா அலையணும். எனக்கு முடியலடி. அவங்க வந்தா நான் சும்மா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவள் கேட்டது எனக்குப் புரிந்தது. நான் கேட்க நினைத்ததும் அதுபோலத்தான்.

அன்றிலிருந்து எல்லா வேலையும் என் தலையில் ஏறியது. பாஸ்போர்ட்டுக்குத் திருப்பத்தூர், போட்டோ எடுக்க ஆலங்காயம், கையெழுத்துக்கு மறுபடி திருப்பத்தூர். அப்பாவுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். அம்மாவுக்கு வாந்தி வரும். மலை வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு கையால் அம்மாவின் நெற்றியையும் இன்னொரு கையால் ஃபைலையும் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்தால் மாடு கத்திக்கொண்டிருக்கும்.

ஆனாலும் மனதுக்குள் அந்த இருபது நாளைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவைத்தேன். காலையில் பால் கறந்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன். மத்தியானம் சமைக்க மாட்டேன், பழைய சோறு போதும். ராத்திரித் துணைக்குப் பக்கத்து வீட்டு மஞ்சுளா பெரியம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் பாயில் தலை வைத்தால் அடுத்த நிமிடம் குறட்டை. அவளால் தொந்தரவு இல்லை.

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. சிக்னல் கிடைக்கும் புளியமரத்தடிக்குப் போய் அந்தத் திருவிழா வீடியோக்களை இறக்கி வந்து சாப்பிடும்போது போட்டுக் காட்டுவேன். முதலில் மரம் தூக்குவதைக் காட்டினேன். பாவாடை போல ஒன்றைக் கட்டிய பெரிய ஆள், வீட்டு உயரத்துக்கும் மேலே இருக்கும் ஒரு கட்டையை நட்டமாகத் தூக்கிக்கொண்டு ஓடி, அதைக் குப்புறத் தள்ளினான். அது தலைகீழாகப் புரண்டு விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்பா சோற்றில் கை வைத்தபடி பார்த்தார். "எத்தினி தூரம் போட்டான்?"

"தூரம் கணக்கு இல்லியாம்ப்பா. நேரா வுழணுமாம். அதான் கணக்கு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"அந்த மரத்த வூட்டுக்கு எடுத்துக்கினு போமாட்டானா?"

"மாட்டான்."

"அப்ப இன்னாத்துக்கு இந்தப் பாடு?"

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நீ மட்டும் இன்னா? வெறவு வெறவுன்னு காடு பூரா தூக்கிக்கினு அலையறியே, உனக்கு யாருனா கை தட்டுனாங்களா? அவன் சோக்கா பாவாடை கட்டிக்கினு தூக்கறான், தட்டறாங்க."

அப்புறம் வாத்தியத்தைக் காட்டினேன். ஒரு தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையாக நடந்துவந்து ஊதினார்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஆட்ட இடுக்கிக்கினு அமுக்கறாப்ல கத்துது" என்றாள். அப்பாவுக்கு மட்டும் அது பிடித்துவிட்டது. மறுபடி போடச் சொன்னார். சாப்பிட்ட கையைக் கழுவாமலே கேட்டார். "மூச்சு வுடவே மாட்டேங்குதே, பாத்தியா? நம்ம கோயில்ல இத ஊதுனா சாமி உடனே வந்துடும்."

அந்த நேரம் சின்னராசு சித்தப்பா பீடி கேட்க வந்தார். அப்பாவின் பெரியப்பா மகன். எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, போறது போ. வரும்போது அண்ணி பாவாடைய கட்டிக்கினு வந்துடாத, ஊர்ல பொண்ணு கேட்டு வந்துடுவானுங்க" என்றார். அப்பா பீடி தரவில்லை.

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜூனில் அக்கா அழைப்புக் கடிதம் அனுப்பினாள். விசாவுக்கு அது வேண்டும். அதில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னார் அப்பா. நான் படித்தேன். பஞ்சாட்சரமும் செல்லியம்மாளும் என் பெற்றோர், என் வீட்டில் என் செலவில் இருபது நாள் தங்குவார்கள், செப்டம்பர் ஐந்தாம் தேதி என் வீட்டிலிருந்து கிளம்பிவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பு.

அப்பா தட்டைக் கீழே வைத்தார்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு வீட்டுக்குப் போனால் எப்போது கிளம்புவோம் என்று சொல்லக் கூடாது. வீட்டுக்காரர்கள் கேட்கவும் கூடாது. வந்தவர்களின் பையை வாங்கிப் பரண்மேல் போட்டுவிடுவார்கள். ஒருநாள் காலையில் வந்தவர்களே பையை இறக்கிக்கொண்டு "வர்றோம்" என்பார்கள், இன்னும் இரண்டு நாள் இருங்கள் என்று வீட்டுக்காரர்கள் பையைப் பிடித்து இழுப்பார்கள், கொஞ்சம் சண்டை நடக்கும், அப்புறம்தான் கிளம்புவார்கள். ராஜாக்கண்ணு மாமாவிடம் அவருடைய சம்பந்தி ஒருமுறை, பஸ் நேரம் பார்க்கத்தான், "எப்ப கெளம்பறீங்க" என்று கேட்டுவிட்டார். இரண்டு வீட்டுக்கும் கை நனைப்பது நின்று போயிற்று. இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் தனித்தனியாகத்தான் உட்காருகிறார்கள்.

"நம்ம பொண்ணே நம்மள எந்த நாளு தொரத்துவேன்னு காயிதத்துல எழுதி அனுப்பிக்கீது" என்றார் அப்பா.

"அது சட்டம்ப்பா. அப்படித்தான் எழுதணுமாம்."

"சட்டக்காரன் என்னக் கேக்கட்டும், நான் சொல்லிக்கிறேன். இவ எதுக்கு எழுதறா?"

அம்மா கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அக்காவுக்குக் கொண்டுபோக அரைத்து வைத்திருந்த சாமை மாவை டப்பாவிலிருந்து எடுத்துப் பழைய தூக்கிலேயே கொட்டி மூடினாள்.

மறுநாள் புளியமரத்தடிக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போய் அக்காவிடம் பேச வைத்தேன். அக்கா இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முதலில் பொறுமையாகச் சொன்னாள். அப்புறம் குரல் உடைந்தது.

"அப்பா, இது வெறும் பேப்பர்ப்பா. அவங்களுக்கு நம்பிக்கை வர்றதுக்கு எழுதறது."

"உனக்கு நம்பிக்கை இருந்தா போதும். நீ வளந்த வூட்டுல எவனுக்காச்சும் நாள் கணக்கு சொல்லி சோறு போட்டமா?"

"இல்லப்பா."

"அப்புறம்?"

போனில் பின்னால் எங்கோ தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. "சரிப்பா. மாத்தி எழுதறேன்" என்றாள் அக்கா. அவள் தோற்றுப்போய்ச் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன். மறுநாள் வந்த கடிதத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. முதல் கடிதம் எங்கிருந்தோ பார்த்து எழுதியதுபோல இருந்தது. இது அவள் பேசுவதுபோலவே இருந்தது. இது அவர்களுடைய மகள் வீடு, அவர்கள் விரும்பும்வரை இருக்கலாம் என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துச் சொன்னதும் அம்மா சாமை மாவை மறுபடி டப்பாவில் போட்டாள்.

திருப்பத்தூர் பிரவுசிங் சென்டரில் ராஜேஷ் என்ற ஆள்தான் விண்ணப்பத்தை ஏற்றினார். எங்கள் மலை ஆட்களுக்கு நிறைய செய்து கொடுத்தவர், அடிவாரத்துக்காரர். விண்ணப்பத்தில் போகும் தேதியும் வரும் தேதியும் கட்டாயம் என்றார். போட்டோம். அப்பாவுக்கு அதில் கோபம் இல்லை, அது சட்டக்காரன் கேட்டது. கடிதத்தைப் பார்த்துவிட்டு ராஜேஷ் நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னாம்மா இது? அங்க இருவது நாளுன்னு போட்டுட்டு, இங்க எத்தினி நாளு வேணா இருக்கலாம்னு இருக்குது. பாக்கிறவன் இன்னா நெனப்பான்?"

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"மவ வூட்டுக்குப் போறாங்கன்னு நெனப்பான்" என்றார் அப்பா.

"இல்லண்ணே, தேதி போட்டு ஒரு லெட்டரு வாங்கிடுங்க. சொல்றதக் கேளுங்க."

"தம்பி, உங்க வூட்டுக்கு நான் வந்தா எப்ப போவேன்னு எழுதி வாங்கிக்கினுதான் தண்ணி குடுப்பியா?"

ராஜேஷ் சிரித்துவிட்டார். "இல்லண்ணே, உங்களுக்கு டீயே சொல்றேன்" என்று சொல்லி அப்படியே அனுப்பிவிட்டார்.

கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போனோம். நானும் போக வேண்டியிருந்தது, அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. வாணியம்பாடியில் ரயில் ஏறி, ஏசி அறையில் நாள் முழுக்கக் காத்திருந்து, திரும்பும்போது உட்கார இடமில்லாமல் நின்றபடியே வந்தோம். அம்மா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். சென்ட்ரலுக்கு வெளியே அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினோம். ஜூன் வெயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். "ரம்யா கண்ணு குழி வுழுந்துட்ச்சி, பாத்தியா? போனதும் தலைக்கு எண்ணெய் வெச்சி வுடணும்" என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். இருபது நாள், இருபது நாள் என்று ரயில் ஓடியது.

ஜூலை நடுவில் பதில் வந்தது. புளியமரத்தடியில் நின்று அதை நான்கு முறை படித்தேன். ஆங்கிலம் கடினமாக இல்லை. உங்களை அழைத்தவர், நீங்கள் விரும்பும்வரை இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். வருகை முடிந்ததும் நீங்கள் நாட்டைவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள் என்று எங்களுக்கு உறுதியாகவில்லை. ஆகவே மறுக்கிறோம்.

நிலத்தில் அப்பா சாமைக்குக் களை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"நாம அங்கயே இருந்துடுவோம்னா சொல்றான்?"

"ஆமாம்ப்பா."

"எதுக்குடி அங்க இருக்கப் போறேன்? இத யாரு அறுக்கறது?"

அவர் மறுபடி குனிந்து களை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மவ வூட்டுல இருன்னு சொன்னா, இருந்துடுவேனாமே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் திருவிழாவுக்குள் வராது என்றாள் அக்கா. அவளுக்குக் கிடைத்த லீவும் அந்தத் திருவிழா நாட்களுக்கு மட்டும்தான். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அழவில்லை. அழக்கூடத் தெம்பு இல்லாதவள்போல இருந்தாள்.

அன்று சாயங்காலம் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அப்பா வெளியேயிருந்து கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் வெந்நீர்தான் வேண்டியிருந்தது. அடுப்பு பற்றவில்லை. அம்மா பின்னால் வந்து நின்று, "வுடுடி, அடுத்த வருசம் போனா போவுது. நாங்க எங்க ஓடிடப் போறோம், இங்கயேதான இருக்கப் போறோம்" என்றாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாள்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இருவது நாளு நீங்க ரெண்டு பேரும் இல்லாம இருப்பேன்னு இருந்தேம்மா" என்றேன். "யாரும் கூப்புடாம. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு அலுப்பா இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அப்பா வாசலில் நின்றிருந்தார். அவருக்குக் கேட்டிருந்தது.

"பெரியவ போற நாள எழுதுனா. சின்னவ அந்த நாளு எப்ப வரும்னு எண்ணிக்கினு இருந்துக்கீறா" என்றார். குரலை உயர்த்தவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சின்னராசு சித்தப்பா வீட்டுப் பக்கம் போய்விட்டார். அன்றும் மறுநாளும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. வெந்நீரைத் தானே வைத்துக்கொண்டார். கூப்பிடாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனோ, அது அப்படி இல்லை.

அம்மா ஆடு மேய்க்கத் தானே கிளம்பினாள். இரண்டு நாள் அப்படிப் போய்வந்ததில் அவளுக்கு வயிற்றில் வலி எடுத்தது. நானே போகிறேன் என்றேன். கோலைக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் முழுக்க வீட்டில் யாரும் அந்தத் திருவிழாவைப் பற்றிப் பேசவில்லை. அது வருகிற வாரம், ஒருநாள் காலையில் நான் பால் ஊற்றிவிட்டு வந்தபோது அம்மா பை கட்டிக்கொண்டிருந்தாள். சென்னையில் வாங்கிய ஸ்வெட்டர் வெளியே கிடந்தது. சாமை மாவு டப்பா உள்ளே போயிருந்தது.

"படவேட்டுல உங்க சகுந்தலா அத்த கூப்புட்டுக்கினே இருக்குது" என்றாள். "கரும்பு வெட்டுக்கு முன்னாடி வந்துட்டுப் போன்னு. நாங்க போயிட்டு வர்றோம்."

சகுந்தலா அத்தை அப்பாவின் தங்கை. கரும்புத் தோட்டத்துக் காவலுக்கு மாமா கீழே இறங்கினபோது கூடப் போய் அங்கேயே தங்கிவிட்டவள். அத்தை கூப்பிட்டுக்கொண்டிருப்பது உண்மைதான். பத்து வருடமாகக் கூப்பிடுகிறாள்.

அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "சாமைக்குக் கிளி வரும். சும்மா ஒரு தடவ போயி தகரத்தத் தட்டு, போதும். ரொம்ப அலையாத" என்றார். சண்டைக்குப் பிறகு என்னிடம் அவர் சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான்.

பஸ் நிற்கும் இடத்தில் சின்னராசு சித்தப்பா உட்கார்ந்திருந்தார். "இன்னாண்ணே, ஸ்காட்லாந்து பஸ்ஸு போளூர் வழியாத்தான் போவுதா?"

"ஆமாம். உனக்குப் பாவாடை வாங்கியாரவா?"

"எனக்கு அளவு தெரியாதே."

"உம் பொண்டாட்டியக் கேட்டுக்கினேன்."

பஸ் வந்தது. அப்பா முதலில் ஏறினார். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. வாய்வரை வந்தது. அதைக் கேட்கக் கூடாது. அதிலும் நான் கேட்கவே கூடாது. பையை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் படியில் ஒரு காலை வைத்து நின்றாள். கண்டக்டர் விசில் வாயில் வைத்தபடி காத்திருந்தார். அம்மா உள்ளே அப்பா எங்கே உட்காருகிறார் என்று பார்த்தாள். பிறகு குனிந்து என் காதருகில் மெல்லச் சொன்னாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் வர மாட்டோம். நிம்மதியா படு."

ஏறிவிட்டாள். ஜன்னலில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்ட வெட்கம் அவளுக்கு.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் எனக்கு எதுவும் செய்யத் தெரியவில்லை. பெருக்கின இடத்தையே பெருக்கினேன். இரண்டாம் நாள் மத்தியானம் படுத்தேன், தூக்கம் வரவில்லை. மஞ்சுளா பெரியம்மா மட்டும் சொன்னபடி வந்து சொன்னபடி குறட்டை விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பால் கறந்து ஊற்றிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது. அக்காவே வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் பச்சைப் புல்வெளி, கூடாரங்கள், குடை பிடித்த கூட்டம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக நனைந்துகொண்டிருந்தன.

"எங்கடி அவங்க? அப்பாவுக்கு ஊதறதக் காட்டலாம்னு கூப்புட்டேன்."

"படவேட்டுக்குப் போயிருக்காங்கக்கா. அத்த வூட்டுக்கு."

"எப்ப வருவாங்க?"

"வெள்ளிக்கிழமை."

அக்கா திரையை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தாள். "நாளு சொல்லிட்டா போனாங்க?"

"அம்மா சொல்லிச்சு. அப்பாவுக்குத் தெரியாது."

அவள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. சிரிப்பு முடிந்ததும் முகம் பழையபடி தொங்கிவிட்டது. "எனக்கு இன்னிக்கும் நாளைக்கும் லீவுடி. இன்னா செய்யறதுன்னே தெரியல" என்றாள்.

"எனக்கும்தான்."

"படுத்துக்கினு இருக்கியா?"

"பாய் கொண்டாந்தேன்."

"இரு" என்றாள். படம் ஆடியது. வானம் தெரிந்தது, யாருடைய காலோ தெரிந்தது. காலி நாற்காலிகள் இரண்டையும் இழுத்துச் சேர்த்துப் போட்டு அதில் கால் நீட்டிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். "போன வெக்காத. பேசவும் வேணாம். இப்ப அந்தப் பையனோட பேண்டு வருது, கேளு."

ஊதத் தொடங்கினார்கள். முதலில் ஒரே சத்தமாக ஒரு மூச்சு, அதன்மேல் பாட்டு ஏறியது. அப்பா சொன்னது சரிதான், அது நிற்கவே இல்லை. போனை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். நிலத்தில் கிளிகள் இறங்கும் சத்தம் கேட்டது. போய்த் தகரத்தைத் தட்ட வேண்டும் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. அந்தப் பக்கம் அக்காவின் மூச்சு சீராக வந்தது. அவள் தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் நானும் தூங்கிவிட்டேன்.